மூன்று பள்ளிக்கூடங்களும் ஒரு செங்கல் லாரியும்

பஸ் வருகிற நேரமாகிவிட்டது. புங்கத்தாங்கல் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளைவிடப் பெஞ்சுகள் அதிகமாக இருந்தன. பெஞ்சுகளே மொத்தம் நாலுதான்.

தலைமையாசிரியர் செங்கல்வராயன் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை கழுத்தை அறுத்தது. தோளில் ஜரிகைத் துண்டு. வருகிற விருந்தாளிகளுக்காக மனைவி பொன்னியம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது.

"கண்ணம்மா டீச்சர், பசங்கல்லாம் எங்கே?"

"கோயில்ல சார். ஆடி வெள்ளி. கூழ் ஊத்தறாங்க."

"யாரும் லீவு போடக் கூடாதுன்னு நேத்தே சொன்னோமே?"

"பசங்ககிட்டச் சொன்னோம் சார். அம்மன்கிட்டதான் சொல்லல."

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் அது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே வயலாக இருந்த இடமெல்லாம் கம்பெனிகளாகிக்கொண்டிருந்தன. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கழுத்தில் டை கட்டி, சைக்கிள் ரிக்ஷாவில் அடைந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போயின. ஒன்றியப் பள்ளிகளை அந்தப் பிள்ளைகள் ரிக்ஷாவில் போகிற வழியில் பார்த்ததோடு சரி.

பள்ளித் துணை ஆய்வாளர் இராமகிருஷ்ணன் இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். குடும்பங்கள் நம் பள்ளிகளுக்கு வராததற்குக் காரணம், நம் பள்ளிகளை அவர்கள் பார்த்ததில்லை என்பதே. பார்த்துவிட்டால் வந்துவிடுவார்கள். 'குடும்பங்களுக்கு நமது பள்ளிகள்: ஒரு நேரடிப் பார்வை' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார். பெயரைக் கேட்ட மேலதிகாரிகள் மகிழ்ந்தார்கள். ஒரு தொழிற்சாலையின் நலத்துறை மேற்பார்வையாளர் ஜேம்ஸ், தங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பஸ் நிறையக் குடும்பங்களை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். புங்கத்தாங்கல், சித்தேரிமேடு, ஓலப்பாக்கம் ஆகிய மூன்று பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்றியத்தில் ஒழுகாத பள்ளிகள் அவை மூன்றுதான். அதிலும் ஒன்று, அந்த வருஷம் மழை பெய்யாததால் ஒழுகாதது.

செங்கல்வராயனுக்கு இதில் வேறு ஒரு கவலை. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடிவிட்டு ஆசிரியர்களை ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டுப் பக்கம் மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மூடுகிற பள்ளிகளில் புங்கத்தாங்கலும் உண்டு என்று இராமகிருஷ்ணனே சொல்லியிருந்தார். பள்ளிப்பட்டு மேல் செங்கல்வராயனுக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் பொன்னியம்மா, "நீ வேணா போ. நானும் எருமையும் வரல," என்று சொல்லிவிட்டாள். கண்ணம்மாவின் நிலை இன்னும் மோசம். அவளுடையது தற்காலிக வேலை. பள்ளியை மூடினால் மாற்றல்கூடக் கிடையாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி.

"நீங்க இங்கயே இருங்க டீச்சர். நானே போய் இட்டுகினு வரேன்," என்று செங்கல்வராயன் கோயிலுக்கு நடந்தார்.

அம்மன் கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அண்டாவின் பக்கத்தில் தர்மகர்த்தா சின்னசாமி அகப்பையோடு நின்றார்.

"பசங்கள அனுப்புங்க சின்னசாமி. குவார்ட்டர்ஸ்காரங்க பாக்க வராங்க."

"கூழு குட்ச்சிட்டு வரும் வாத்யாரே."

"அதுக்குள்ள பஸ்ஸு வந்துடும்!"

"நடுவுல எயுந்து போனா அம்மா கோச்சிக்கும். அப்பறம் ஊருக்கு வைசூரி வந்தா நீயா பாப்பே?"

செங்கல்வராயன் யோசித்தார். பிள்ளைகள் கூழை விட்டு வராது. கூழ் பள்ளிக்கூடத்துக்கு வந்தால்? அம்மனுக்குப் படைத்தாயிற்று, இனி எங்கே ஊற்றினால் என்ன என்று சின்னசாமியிடம் வாதாடினார். சின்னசாமிக்கும் வெயிலில் நின்று அலுத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து அண்டாவைத் தூக்கினார்கள். பின்னாலேயே பம்பை மேளமும் வந்தது.

சற்று நேரத்தில் பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. செங்கல்வராயன் தன் உத்தியோகத்தில் அத்தனை பிள்ளைகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பாதி முகம் புதுமுகமாக இருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அப்போது இராமகிருஷ்ணனின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் உள்ளே எட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"பிரமாதம் செங்கல்வராயன்! இவ்வளவு பிள்ளைங்களா உங்க பள்ளியில?"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்."

"நான் இப்பதான் சித்தேரிமேடு போயிட்டு வரேன். அங்க ஒரு பிள்ளை இல்ல. ஓலப்பாக்கத்துலயும் இல்ல. ரெண்டு தலைமையாசிரியரும் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. 'காலைல வந்ததுங்க சார், புங்கத்தாங்கல்ல கூழ் ஊத்தறாங்கன்னு யாரோ சொன்னாங்க, ஒரே ஓட்டமா ஓடிடுச்சுங்க'ங்கறாங்க."

செங்கல்வராயன் அந்தப் புதுமுகங்களைத் திரும்பிப் பார்த்தார். அவை கூழ் குடித்துக்கொண்டிருந்தன.

"திருப்பி அனுப்பிடலாமா சார்?"

"அனுப்பினா இங்க காலியாத் தெரியும். மூணு பள்ளிக்கும் பிரிச்சா மூணுமே காலியாத் தெரியும்." இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "குடும்பங்கள் மூணு பள்ளியையும் ஒரே நேரத்துலயா பாக்கப் போறாங்க? ஒண்ணு முடிஞ்சுதான இன்னொண்ணு?"

சொன்னவர் அதிகாரி. எனவே செங்கல்வராயனுக்கு உடனே புரிந்தது.

கோயில் மதிலுக்குச் செங்கல் இறக்கிய லாரி ஒன்று தெருவோரமாக நின்றது. அதன் டிரைவர் வேம்புலி, மூன்றாம் வகுப்புக் குப்பம்மாவின் அப்பன், வண்டி நிழலில் படுத்திருந்தான்.

"வேம்புலி, பசங்கள சித்தேரிமேடு இட்டுகினு போவணும். அப்பறம் ஓலப்பாக்கம்."

"இன்னா வாத்யாரே, இது செங்கல்லு ஏத்தற வண்டி. கொயந்தைங்கள ஏத்தறதா?"

"நாட்டுக்காகப்பா."

"நாடு கெடக்கட்டும். எம் பொண்ணு மூணு வருசமா மூணாங் கிளாஸ்லயே குந்திகினு கீது. பாஸ் போடறியா, வண்டிய எட்க்கறேன்."

செங்கல்வராயன் தயங்கினார். குப்பம்மாவுக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் முழுக்க மனப்பாடம். இன்ஸ்பெக்ஷன் வரும்போதெல்லாம் பதில் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவளை விடாமல் வைத்திருந்தார். அவளை நாலாம் வகுப்புக்கு அனுப்பினால் பள்ளியின் தரம் என்ன ஆவது?

"சரி, போட்டுடறேன்."

"அப்டி சொல்லு நைனா," என்று வேம்புலி எழுந்து லுங்கியை உதறினான்.

பஸ் வந்தது. முதலில் ஜேம்ஸ் இறங்கினார். ஒல்லியான உடம்பு, கத்தி போல மடிப்பு வைத்த பேண்ட். பின்னால் குடும்பங்கள் இறங்கின. பட்டுப் புடவைகளும் பளபளக்கும் சட்டைகளுமாக அவர்கள் வரிசையாக வந்து அரைவட்டமாக நின்ற அழகைப் பார்த்து, குவார்ட்டர்ஸில் ஒழுங்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று செங்கல்வராயன் நினைத்துக்கொண்டார்.

"பசங்கள யாரும் கூட்டிட்டு வரலியா?" என்று ஜேம்ஸிடம் கேட்டார்.

"பஸ்ல வாந்தி எடுக்கும் சார். அதான்."

செங்கல்வராயன் முன்னால் நின்ற ஒரு ஜோடியிடம் அன்பாகக் கேட்டார். "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டு," என்றார் கணவர்.

"மூணு," என்றாள் மனைவி அதே நேரத்தில்.

இருவரும் ஜேம்ஸைப் பார்த்தார்கள். செங்கல்வராயனுக்கு அவர்கள் சங்கடம் புரிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த சுவர் இல்லாத ஊர் கிடையாது. சர்க்கார் ஆள் கேட்டால் மூன்றாவது குழந்தையை யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

"பயப்படாதீங்க, நாங்க படிப்பு டிபார்ட்மெண்ட்," என்று தேற்றி உள்ளே அழைத்துப் போனார்.

வகுப்பில் ஒரே புளித்த வாசனை. பிள்ளைகள் வயிறு நிறைந்து சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மீசையும் கனத்த குரலுமாக ஒருவர் முன்னால் வந்தார். தேவராஜ் என்று ஜேம்ஸ் அறிமுகப்படுத்தினார்.

"சின்னஞ்சிறு செல்வங்களே!" என்றார் தேவராஜ். சுவரில் தொங்கிய இந்தியா படம் ஆடியது. "நம் தாய்த் திருநாட்டின் தலைநகரம் எது? சொல்லுங்கள்!"

குப்பம்மா எழுந்தாள். "புதுதில்லி."

கேட்காமலே மலை, நதி, மன்னர்கள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கூட்டத்திலிருந்து ஓர் அம்மாளின் விசும்பல் கேட்டது. பார்வதம் என்று பெயர். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே சொன்னாள்:

"எங்க ஊரு கோயில்பட்டிப் பக்கமய்யா. எம்புட்டோ பள்ளிக்கூடம் பாத்திருக்கோம். இப்படிப் பிள்ளைகளப் பாத்ததில்ல."

எல்லாரும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

செங்கல்வராயனுக்குக் கண் கலங்கியது. இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். யாரும் அழுததில்லை, பிள்ளைகளைத் தவிர.

இராமகிருஷ்ணன் கதவோரமாக நின்று சைகை காட்டினார். இனிமேல் குடும்பங்களைப் பின்புறம் நிறுத்திவைக்க வேண்டும், அந்த நேரத்தில் லாரி கிளம்ப வேண்டும். செங்கல்வராயன் அவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் கிணற்றின் வரலாற்றைச் சொன்னார். கிணற்றுக்கு அவ்வளவு வரலாறு இல்லாததால் வேப்பமரத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது வகுப்பு காலி.

"பிள்ளைக எங்கய்யா?" என்றாள் பார்வதம்.

"இடைவேளைம்மா."

"சிலேட்டு, பையி எல்லாத்தையும் எடுத்துட்டா?"

"நம்ம பள்ளியில பொருளைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லித் தருவோம்மா."

பஸ் கிளம்பியது. செங்கல்வராயன் முன் சீட்டருகே நின்று ஒன்றியத்தின் கல்வி வளர்ச்சியை விவரித்துக்கொண்டு வந்தார். நெமிலிச்சேரி ரயில்வே கேட் வந்ததும் அவர் பேச்சு நின்றது. கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால், பஸ்ஸுக்கு ஒட்டினாற்போல, வேம்புலியின் லாரி நின்றது.

லாரியின் மேல் பிள்ளைகள். நடுவில் கண்ணம்மா, தலையில் முந்தானையைப் போர்த்துக்கொண்டு, குனிந்து, தான் அங்கே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சார்! சார்! நாங்கதான் மொதல்ல!" என்று பிள்ளைகள் கூவிக் கையாட்டின.

பஸ்ஸுக்குள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். பார்வதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு பிள்ளைகய்யா?"

"கல்விச் சுற்றுலாம்மா," என்றார் செங்கல்வராயன்.

"எதப் பாக்கப் போறாக?"

"பள்ளிக்கூடங்களை. உங்கள மாதிரியேதான்."

"ஆகா!" என்றார் தேவராஜ். "கற்றவர்களைக் காண்பதற்காகக் கற்பவர்கள் செல்லும் காட்சி!"

மறுபடி ஒரே நேரத்தில் கைதட்டல். இவ்வளவு நல்ல ஜனங்கள் ஒரே குவார்ட்டர்ஸில் இருப்பார்கள் என்று செங்கல்வராயன் எதிர்பார்த்ததில்லை.

கேட் திறந்ததும் பஸ் லாரியை முந்திவிட்டது. செங்கல்வராயன் பதறிப்போய், "டீ சாப்பிட்டுப் போகலாம், இங்க டீ ரொம்ப விசேஷம்," என்று ஒரு குடிசைக் கடை முன்னால் பஸ்ஸை நிறுத்தினார். கடைக்காரனிடம் பால் இல்லை. குடும்பங்கள் வெறும் டீயைக் குடித்து விசேஷம் என்று ஒப்புக்கொண்டார்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு லாரி கடந்து போயிற்று.

சித்தேரிமேட்டுப் பள்ளியில் பிள்ளைகள் சரியான நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு குறை. தலையிலிருந்து கால் வரை எல்லாரும் சிவப்பாக இருந்தார்கள். காலையில் செங்கல் இறக்கிய லாரியை யாரும் கூட்டவில்லை.

"ஏன்யா, பிள்ளைக எல்லாம் இப்படிச் செவந்து கெடக்கு?" என்றாள் பார்வதம்.

இராமகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "இந்தப் பக்கம் செம்மண் பூமிம்மா."

"மொத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரியே இருக்காகளே?"

"எல்லாம் ஒரே ஒன்றியம்தானம்மா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தேவராஜ் மட்டும் முன்வரிசையில் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு சிவப்புச் சிறுமியை எழுப்பினார். அது குப்பம்மா. பஸ் வருவதற்கு முன்பே செங்கல்வராயன் அவளிடம், அடுத்த பள்ளியில் வேறு பேர் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார். இன்ன பேர் என்று சொல்ல மறந்துவிட்டார்.

"உன் பெயர் என்ன, மகளே?"

குப்பம்மா செங்கல்வராயனைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "வேற பேரு," என்றாள்.

"நல்லது! உன் பள்ளியின் பெயர் என்ன?"

"இப்பவா சார்?"

செங்கல்வராயன் சத்தமாக இருமினார். இராமகிருஷ்ணனும் இருமினார். சித்தேரிமேட்டுத் தலைமையாசிரியர், தன் பள்ளியில் தனக்குத் தெரிந்த ஒரு முகமாவது தென்படுகிறதா என்று அப்போதும் தேடிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் பின்னால் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். கண்டம் தாண்டியது.

"இப்படியே ஓலப்பாக்கம் போனா அங்கயும் செம்மண்ணுன்னு சொல்ல முடியாது," என்று இராமகிருஷ்ணன் செங்கல்வராயனின் காதில் சொன்னார். "அங்க களிமண். பிள்ளைங்களைக் குளிப்பாட்டச் சொல்லுங்க."

செங்கல்வராயன் பின்பக்கமாக ஓடிக் கண்ணம்மாவைப் பிடித்தார். "டீச்சர், வழியில ஏரி கீது பாருங்க, அங்க எல்லாத்தையும் ஒரு முக்கு முக்கி எடுத்துடுங்க."

"மாத்துத் துணி சார்?"

"காத்துல காஞ்சிடும்."

காயவில்லை. ஆடிக் காற்று அன்றைக்குப் பார்த்து ஓய்ந்திருந்தது. ஓலப்பாக்கத்துக்கு பஸ் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகள் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். தரையில் தண்ணீர் ஓடிக் கதவு வழியாக வெளியே வந்தது. பார்வதம் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நீச்சல் வகுப்பு," என்றார் இராமகிருஷ்ணன் அவள் கேட்பதற்கு முன்பே.

"வகுப்புக்குள்ளயாய்யா?"

"இப்பதான் முடிஞ்சது."

வயிறு நிறையக் கூழ், லாரிப் பயணம், ஏரிக் குளியல். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார்கள். குப்பம்மா மட்டும் விழித்திருந்தாள், ஆனால் தும்மிக்கொண்டிருந்தாள். தேவராஜ் தலைநகரத்தைக் கேட்டார். அவள் "புது" என்றாள், தும்மினாள், "தில்லி" என்பதற்குள் இன்னொரு தும்மல். செங்கல்வராயன் கல்வியில் ஓய்வின் அவசியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. வேம்புலி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வகுப்புக்குள் வந்தான்.

"வாத்யாரே, இத்தோட உட்டுடு. அடுத்த ஸ்கூலுக்கு வண்டி வராது. டீசலு அடில கீது. காத்தால இருந்து இதே பசங்கள ஏத்தி எறக்கி எறக்கி எனக்கு இடுப்பு ஒட்ஞ்சி போச்சு."

இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கண்ணம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செங்கல்வராயனின் கண் முன்னால் பள்ளிப்பட்டு வந்து நின்றது. அந்தப் பள்ளிப்பட்டில் எருமையும் இல்லை, பொன்னியம்மாவும் இல்லை.

அப்போது தேவராஜ் நடுவுக்கு வந்தார். ஒரு கையை வேம்புலியின் தோள் மேல் போட்டார். இன்னொரு கையை உயர்த்தினார்.

"பார்த்தீர்களா!" என்று முழங்கினார். தூங்கின பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன. "பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் இடுப்பை ஒடித்துக்கொள்ளும் ஏழை உழைப்பாளி! இவன் வாகனத்தில் எரிபொருள் தீரும். இவன் உள்ளத்தில் தீருமா? தீராது! இப்படிப்பட்ட மனிதர்கள் வாழும் ஊரில் என் பிள்ளை படிக்காமல் வேறு எங்கே படிப்பான்?"

"என் பிள்ளைகளும் இங்கதான்!" என்று பார்வதம் விம்மினாள்.

"எங்க பிள்ளைகளும்!" என்றார்கள் மற்றவர்கள்.

"இன்னாபா இந்தாளு," என்று வேம்புலி தோளை விடுவித்துக்கொண்டு வெளியே போனான்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. இராமகிருஷ்ணனுக்கு உயிர் திரும்பியது. "நண்பர்களே, பிள்ளைங்களை எப்ப சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டார். திங்கட்கிழமையே என்றது கூட்டம். எந்தப் பள்ளியில் என்றார். புங்கத்தாங்கல் என்று ஜேம்ஸ் சொல்ல, புங்கத்தாங்கல் என்றார்கள் எல்லாரும்.

இராமகிருஷ்ணன் செங்கல்வராயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க பள்ளியை இனிமே எவன் மூடறான் பாக்கலாம். இன்னொரு டீச்சர்கூடக் கேட்டு வாங்கலாம். இன்னிக்கே மேலிடத்துக்கு எழுதிடறேன்."

கண்ணம்மா ஈர முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த அழுகைக்கு யாரும் கைதட்டவில்லை.

குடும்பங்கள் பஸ்ஸில் ஏறத் தொடங்கின. செங்கல்வராயன் பள்ளி வாசலில் நின்று பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்கு நடுவே ஏதோ முள் மாதிரி உறுத்தியது. எவ்வளவு வெள்ளை மனசு இவர்களுக்கு! மூன்று இடத்தில் ஒரே பிள்ளைகளைக் காட்டினோம், நம்பினார்கள். சிவப்பாகக் காட்டினோம், ஈரமாகக் காட்டினோம், அப்போதும் நம்பினார்கள். வேம்புலி வந்து உண்மையையே சொன்னான், அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார்கள். எங்கோ தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஜனம், பெற்ற பிள்ளைகளை நம்மை நம்பித் தருகிறது.

திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காகப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். புதுப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு கேட்டு வாங்க வேண்டும். குப்பம்மாவை நாலாம் வகுப்புக்கு உண்மையாகவே அனுப்பிவிட வேண்டும். இவ்வளவையும் மனதுக்குள் முடிவு செய்த பிறகும் உறுத்தல் போகவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பார்வதம்தான் கடைசியாக நின்றாள். ஜேம்ஸ் சற்றுத் தள்ளி இராமகிருஷ்ணனோடு பேசிக்கொண்டிருந்தார்.

செங்கல்வராயன் போய்க் கையைக் கூப்பினார்.

"அம்மா, ஒரு வார்த்தை. இன்னிக்கு நீங்க பாத்தது எல்லாமே..." தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருந்திருக்கும். அதை மனசுல வச்சுக்காதீங்க. திங்கட்கிழமை உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. என் சொந்தப் பிள்ளைங்க மாதிரிப் பாத்துக்கறேன். இது சத்தியம்."

பார்வதம் ஜேம்ஸ் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். கோயில்பட்டி அவள் பேச்சிலிருந்து காணாமல் போயிருந்தது.

"நீ நல்லாத்தான் நடிச்ச சார், அந்தப் பசங்களுக்குத்தான் இன்னும் ரெண்டு ஒத்திகை குட்த்திருக்கணும், எங்க நாடக மன்றத்துல கூட்டத்துல நிக்கற வேசத்துக்கே ஜேம்ஸ் சாரு ஒரு வாரம் ஒத்திகை வாங்குவாரு!"